சென்னை – சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்குப் போட ஒரு முழு வழிகாட்டி

"போகும்போது ஏழு மணி நேரம், வரும்போது ரெண்டு மணி நேரம்னு போட்டிருக்கே தம்பி. திரும்பி வர்றது வேற வழியா?"

கும்பகோணத்தில் நான் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடைக்கு வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகளின் பிரசவத்துக்காக முதல்முறையாக விமானம் ஏறப்போகிறார். டிக்கெட்டில், சென்னையில் இரவு 11.15க்குக் கிளம்பி மறுநாள் காலை 6.05க்குச் சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தது. திரும்பும்போது சிங்கப்பூரில் இரவு 8.00 மணி, சென்னையில் 9.50. கழித்துப் பார்த்தால் போக 6 மணி 50 நிமிடம், வர 1 மணி 50 நிமிடம். அவர் கழித்ததில் ஒரு பிழையும் இல்லை. அவருக்குச் சர்க்கரை. ராத்திரி மாத்திரைக்கும் காலை மாத்திரைக்கும் நடுவில் நிஜமாகவே எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தெரிந்தால்தான் மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டு பயணமும் 4 மணி 20 நிமிடம்தான். அந்த விடை எப்படி வருகிறது என்று அன்று அவருக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். அதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சென்னை–சிங்கப்பூரை வைத்துச் செய்து காட்டுகிறேன். முறை பிடிபட்டுவிட்டால் எந்த இரண்டு ஊருக்கும் போட்டுக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் ஒன்றும் தேவைப்படாது.

முதல் வேலை: ஊரை விடுங்கள், ஓடுபாதையைப் பிடியுங்கள்

"சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் தூரம்" என்று தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு எண் வரும். ஒருவர் சென்னை என்றால் சென்ட்ரலை எடுத்திருப்பார், இன்னொருவர் மீனம்பாக்கத்தை. விமானத்துக்குத் தெரிந்தது மீனம்பாக்கமும் சாங்கியும்தான். சிங்கப்பூர் சின்ன ஊர், அங்கே வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கோலாலம்பூரில் தெரியும்: அதன் பெரிய விமான நிலையம் நகரத்துக்கு வெகு தெற்கே சிப்பாங்கில் இருக்கிறது. லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கூகுள் மேப்ஸில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. நமக்கு வேண்டியவை இவை:

சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17
சிங்கப்பூர் சாங்கி: வடக்கு 1.36, கிழக்கு 103.99

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். சில தளங்கள் 12 டிகிரி 59 நிமிடம் என்று கொடுக்கும். அதை 12.59 என்று எழுதிவிடாதீர்கள். 59ஐ 60ஆல் வகுத்து 12.98 என்று எழுத வேண்டும். 0.4 டிகிரி தவறினாலே 44 கி.மீ. போய்விடும். இன்னொன்று, கிரீனிச்சுக்கு மேற்கே இருக்கும் ஊர்களின் தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி உண்டு. ஹீத்ரோ மைனஸ் 0.45. சென்னைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி 80.17 கூட்டல் 0.45, அதாவது 80.62. கழித்தால் விடை தப்பு.

இரண்டாவது: பித்தாகரஸை வைத்து ஒரு முதல் விடை

வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்பது எங்கே இருந்தாலும் ஏறக்குறைய 111.2 கி.மீ. பூமியின் சுற்றளவை 360ஆல் வகுத்தால் வருவது இது. கிழக்கு மேற்காக ஒரு டிகிரி அப்படி நிலையாக இருக்காது. துருவத்தை நோக்கிப் போகப் போக, உரித்த ஆரஞ்சுச் சுளை நுனியில் ஒடுங்குவதுபோல ஒடுங்கும். நிலநடுக்கோட்டில் 111, சென்னையின் அட்சரேகையில் 108, லண்டனில் 69 கி.மீ.தான். எவ்வளவு ஒடுங்கும் என்பதைக் கொசைன் சொல்லிவிடும்.

சரி, போடுவோம்.

வடக்கு–தெற்கு வித்தியாசம்: 12.99 கழித்தல் 1.36 = 11.63 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் 1,293 கி.மீ.

கிழக்கு–மேற்கு வித்தியாசம்: 103.99 கழித்தல் 80.17 = 23.82 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் 2,649. இரண்டு ஊருக்கும் நடு அட்சரேகை 7.2 டிகிரி. அதன் கொசைன் 0.992. பெருக்கினால் 2,628 கி.மீ.

இப்போது ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிட்டது. 1,293ஐயும் 2,628ஐயும் தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 2,929 கி.மீ.

கையால் போட்ட கணக்கு இது. கோளக் கணக்கில் வரும் விடைக்கும் இதற்கும் ஐந்தே கி.மீ. வித்தியாசம் என்பதை அடுத்த படியில் பார்ப்பீர்கள். நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதூரம் விலகாத ஊர்களுக்கு, மூவாயிரம் கி.மீ. வரைக்கும் நான் இதைத் தாண்டிப் போவதே இல்லை. கொழும்பு, டெல்லி, துபாய், கோலாலம்பூர் எல்லாவற்றுக்கும் இது போதும்.

மூன்றாவது: தூரம் கூடும்போது கோளக் கணக்கு

மேலே சொன்ன வழியை லண்டனுக்குப் போட்டுப் பாருங்கள். 8,707 கி.மீ. என்று வரும். உண்மையில் ஹீத்ரோ சுமார் 8,230 கி.மீ.தான். தட்டையான முக்கோணத்தை உருண்டைப் பூமியின் மேல் விரித்ததால் வந்த வினை, கிட்டத்தட்ட 475 கி.மீ. அதிகம்.

உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய வழியைப் பெருவட்டம் என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சென்னையில் ஒரு முனையையும் லண்டனில் மறு முனையையும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாகப் போய் உட்காரும் இடம்தான் பெருவட்டம். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் அதே வழி வடக்கே வளைந்து, ஏதோ ஊரைச் சுற்றிப் போவதுபோலத் தெரியும். வளைந்திருப்பது வரைபடம்.

அந்த நூலின் நீளத்தைத் தரும் சூத்திரத்தைச் சிங்கப்பூருக்கே போட்டுக் காட்டுகிறேன். செல்போன் கால்குலேட்டரைப் படுக்கையாகத் திருப்பினால் பெரும்பாலான போன்களில் சைன், கொசைன் பொத்தான்கள் வரும். கோண அளவு டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை எங்கேயோ போய் நிற்கும்.

இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053.

இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148. வருவது சுமார் 0.8912.

இரண்டையும் கூட்டினால் 0.8965. இதன் தலைகீழ்க் கொசைன் 26.30 டிகிரி. 111.2ஆல் பெருக்கினால் 2,924 கி.மீ.

பூமி முழு உருண்டை இல்லை. துருவங்களில் கொஞ்சம் அமுங்கியது. அதனால் இந்த விடையில் அரை சதவீதம் வரை ஏறக்குறைய இருக்கலாம். பயணக் கணக்குக்கு அது பொருட்டே இல்லை.

இதே தூரத்தை ஒரு தளம் 1,817 என்றும் இன்னொன்று 1,579 என்றும் காட்டினால் குழம்ப வேண்டாம். முதலாவது சாதாரண மைல், 1.609 கி.மீ. இரண்டாவது விமானிகளும் மாலுமிகளும் கணக்கு வைக்கும் நாட்டிகல் மைல், 1.852 கி.மீ. மூன்றும் ஒரே தூரம்தான்.

"அவ்வளவு உயரத்துல போறதால தூரம் கூடாதா அண்ணே?" என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. கூடும். 11 கி.மீ. உயரத்தில் வட்டம் கொஞ்சம் பெரிது. சிங்கப்பூர் வரைக்கும் சேர்த்து அது 5 கி.மீ. கூட்டும், அவ்வளவுதான்.

நான்காவது: நூல் போகும் வழியில் விமானம் போகாது

2,924 கி.மீ. என்பது நூலின் நீளம். விமானம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதற்கு எதிர்முகமாக ஓடுபாதையில் எழும்பி, திரும்பி, வானில் குறித்து வைத்த புள்ளி விட்டுப் புள்ளி தாவிப் போகிறது. இறங்கும் ஊரிலும் வரிசையில் நின்று, சுற்றி வந்துதான் தரையைத் தொடும். இதற்கெல்லாம் சேர்த்து நேரான கடல்வழிப் பாதைகளுக்கு 3 சதவீதம் கூட்டிக்கொள்கிறேன். 2,924 என்பது 3,010 ஆகிறது.

சிங்கப்பூர் விமானங்கள் பெரும்பாலும் வங்கக் கடலைத் தென்கிழக்காகக் குறுக்கே கடந்து, பெரிய நிக்கோபாருக்கும் சுமத்ராவின் வடமுனைக்கும் அருகே போய், மலாக்கா நீரிணையைப் பிடித்து இறங்கும். முன்சீட்டுத் திரையில் வரைபடம் ஓடினால் இந்த இடத்தில் கண்ணை மூடாதீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டுப் புகழுரை) அடுக்கிச் சொல்லும் மாநக்கவாரம் இந்த நிக்கோபார்தான். இலாமுரி தேசம் சுமத்ராவின் வடமுனை, கடாரம் நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் கெடா. நம் கப்பல்கள் பருவக்காற்றுக்குக் காத்திருந்து போன கடல் கீழே கிடக்கிறது. நான் முதல்முறை போனபோது இரவு, ஒன்றும் தெரியவில்லை. திரையில் அந்தப் பெயர்கள் நகர்ந்து போனதே போதுமாக இருந்தது.

மேற்கே போகும் பாதைகள் அப்படிச் சுளுவானவை இல்லை. சென்னை–லண்டன் நூலை இழுத்துப் பிடித்தால் அது கட்ச், பலூசிஸ்தான், ஈரான்–ஆப்கானிஸ்தான் எல்லை, காஸ்பியன் கடல், அஜர்பைஜான், தெற்கு ரஷ்யா, உக்ரைன் என்று போகும். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. ரஷ்ய வான்வெளி அதே மாதக் கடைசியில் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. இப்படி மூடிய கதவுகளைச் சுற்றிக்கொண்டு போகும் பாதைக்கு 3 சதவீதம் போதாது. 5 சதவீதம் வைத்துத் தொடங்குங்கள். அந்த வாரச் செய்தியைப் பார்த்து இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: எந்த விமானம் என்று பாருங்கள்

டிக்கெட்டில் விமான வகை எழுதியிருக்கும். பலர் அதைப் பார்ப்பதில்லை. ஏர்பஸ் 320, போயிங் 737 வகை ஒலியின் வேகத்தில் சுமார் 78 சதவீதத்தில் பறக்கும். அந்தக் குளிர்ந்த உயரத்தில் அது மணிக்கு 830 கி.மீ. நீண்ட தூரம் போகும் போயிங் 787, ஏர்பஸ் 350 வகைகள் 85 சதவீதம், மணிக்கு 900 கி.மீ. விசிறி சுழலும் ஏடிஆர் 72 மணிக்கு 510 கி.மீ.

இதைப் புரியவைக்க யாழ்ப்பாணத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையமான பலாலி 356 கி.மீ., கொழும்பு 647 கி.மீ. தூரம் பாதிக்குச் சற்று மேல்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்குப் போவது ஏடிஆர், கொழும்புக்குப் போவது ஜெட். கணக்குப் போட்டால் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றேகால் மணியை ஒட்டியும் கொழும்புக்கு ஒன்றரை மணியை ஒட்டியும் வரும். பாதித் தூரம் என்றால் பாதி நேரம் என்று நினைத்துப் போகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆறாவது: நேரத்தைக் கட்டுவது

3,010 கி.மீ.யை 830ஆல் வகுத்தால் 3 மணி 38 நிமிடம். இதோடு நிறுத்தினால் தப்பு. விமானம் எழும்பி உயரம் பிடிக்க இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும், இறங்கவும் ஏறக்குறைய அவ்வளவு ஆகும். அப்போது வேகம் குறைவு. 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 நாட், அதாவது 463 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இந்த மந்தத்துக்கு ஒரு 15 நிமிடம் கூட்டுங்கள். இப்போது 3 மணி 53 நிமிடம். சக்கரம் தரையை விட்டது முதல் மறுபடி தரையைத் தொடும் வரை ஆகும் நேரம் இது.

டிக்கெட்டில் இருப்பது இந்த நேரம் இல்லை. விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்பட்ட நிமிடம் முதல், அங்கே போய் மறுபடி நிற்கும் நிமிடம் வரை உள்ளதைத்தான் அச்சடிக்கிறார்கள். தரையில் ஊர்ந்து போவதற்கு இரண்டு ஊரிலும் சேர்த்து 25 நிமிடம் கூட்டினால் 4 மணி 18 நிமிடம். அந்த அம்மாவின் டிக்கெட்டில் இருந்த 4 மணி 20 நிமிடம் இதுதான்.

ஆக, ஜெட் விமானத்துக்கு என் குறுக்குவழி: தூரத்தோடு 3 சதவீதம் கூட்டி, 830ஆல் வகுத்து, 40 நிமிடம் சேர். டெல்லிக்குப் போட்டுப் பாருங்கள். 1,762 கி.மீ. 1,815 ஆகும், வகுத்தால் 2 மணி 11 நிமிடம், 40 சேர்த்தால் 2 மணி 51. கால அட்டவணையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பக்கத்தில் வந்து நிற்கும். ஏடிஆருக்கு 510ஆல் வகுத்து அரை மணி சேர்த்தால் போதும்.

விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூடவே போட்டு வைப்பதும் உண்டு. அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சரியான நேரத்துக்கு வந்து சேர்வதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அந்தக் கூடுதல் நிமிடங்களின் புண்ணியம் அது.

ஏழாவது: காற்று

"கிழக்கே போனா சீக்கிரம், மேற்கே போனா லேட்டு" என்று எல்லோரும் சொல்வார்கள். சிலர் பூமி சுற்றுவதால் அப்படி என்றும் சொல்வார்கள். பூமியோடு சேர்ந்து காற்றும் சுற்றுகிறது. ஓடும் ரயிலுக்குள் பந்தைத் தூக்கிப் போட்டால் அது பின்னால் போய் விழுவதில்லையே, அதேதான் இதுவும். வித்தியாசத்தை உண்டாக்குவது உயரத்தில் ஓடும் காற்றாறு. வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அது பாயும். டெல்லி, லண்டன், அமெரிக்கா என்று வடக்கே போகிறவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தும்.

நம் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கதை தலைகீழ். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, வெகு உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டம் என்று பெயர். கீழே நாம் மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றில் நனைந்துகொண்டிருப்போம், மேலே நேர் எதிர்த் திசையில் ஓடும். இதை உலகுக்கு விளக்கி எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம், 1958இல். அதன் உச்ச வேகம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், விமான உயரத்திலேயே கீழைக்காற்று நன்றாகத் தெரியும். அதனால் பருவமழை மாதங்களில் சென்னையிலிருந்து கிழக்கே சிங்கப்பூருக்குப் போகும் விமானம் எதிர்காற்றில் போகிறது, திரும்பும் விமானத்தைக் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது.

எவ்வளவு வித்தியாசம் வரும்? 60 கி.மீ. எதிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மேலான வேகம் 770 ஆகிறது. 3,010 கி.மீ.க்கு 3 மணி 54 நிமிடம். அதே காற்று பின்னால் இருந்தால் 890, 3 மணி 23 நிமிடம். அரை மணி நேரம் காற்றிலேயே போய்விட்டது. அன்றன்றைக்குக் காற்று மாறும் என்பதால் இந்தப் படியில் யாரும் நிமிடக் கணக்காகச் சொல்லிவிட முடியாது.

லண்டன் கணக்கையும் இங்கேயே முடித்துவிடுவோம். 8,230 கி.மீ.யோடு 5 சதவீதம் கூட்டினால் 8,640. நீண்ட தூர விமானத்தின் வேகம் 900. போகும்போது 50 கி.மீ. எதிர்காற்று என்றால் 850ஆல் வகுத்து, 40 நிமிடம் சேர்த்து, 10 மணி 50 நிமிடம். வரும்போது 950ஆல் வகுத்து, அதே 40 சேர்த்தால் 9 மணி 46 நிமிடம்.

எட்டாவது: இரண்டு கடிகாரம்

சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். கிழக்கே போகும்போது கடிகாரக் கழித்தலில் வந்ததிலிருந்து இரண்டரை மணியைக் கழியுங்கள்: 6.50 கழித்தல் 2.30, 4 மணி 20 நிமிடம். மேற்கே திரும்பும்போது கூட்டுங்கள்: 1.50 கூட்டல் 2.30, அதுவும் 4 மணி 20 நிமிடம். பெரியவர்களுக்கு நான் சொல்லும் வழி இன்னும் எளிது: "இறங்குற நேரத்தையும் நம்ம ஊர் நேரமா மாத்திக்குங்கம்மா, அப்புறம் கழிங்க." சிங்கப்பூரில் காலை 6.05 என்றால் கும்பகோணத்தில் அதிகாலை 3.35. இரவு 11.15இலிருந்து 3.35 வரை விரல் விட்டே எண்ணலாம்.

ஒரு சிறு விஷயம். சூரியக் கணக்கின்படி நமக்கும் சிங்கப்பூருக்கும் 23.82 டிகிரிக்கு, டிகிரிக்கு 4 நிமிடம் வீதம், 95 நிமிடம்தான் வித்தியாசம். கடிகாரமோ 150 நிமிடம் காட்டுகிறது. 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. அங்கே விடிவது ஏழு மணி வாக்கில். 6.05க்கு இறங்கினால் வெளியே கும்மிருட்டாக இருக்கும். அதைப் பார்த்து நேரம் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று பயப்பட வேண்டாம்.

லண்டன் குளிர்காலத்தில் ஐந்தரை மணி பின்னால், கோடையில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும் நாட்கள்.

இதைவிட மோசமான பொறி தேதி. எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்றுக்கு 14ஆம் தேதி 00.40 மணி விமானம். 14ஆம் தேதி ராத்திரி என்று நினைத்து, அன்று பகல் முழுக்கப் பட்சணம் கட்டி, மாலையில் வேன் பிடித்துச் சென்னை போனார்கள். விமானம் முந்தின இரவே போய்விட்டது. அந்தப் பாட்டி மடியில் வைத்திருந்த சீடை டப்பாவோடு திரும்பி வந்ததை நான் மறக்கவில்லை. டிக்கெட் எடுத்துக் கொடுத்தவன் நான்தான், விளக்கிச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். அன்றிலிருந்து நள்ளிரவு 12 மணிக்கும் 4 மணிக்கும் நடுவில் விமானம் இருந்தால், டிக்கெட்டின் மேலேயே சிவப்பு மையில் "13ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பவும்" என்று கையால் எழுதித்தான் கொடுக்கிறேன்.

வழியில் மாறிப் போகிறவர்களுக்கு

மாறும் ஊர் வழியில் இருக்கிறதா, வழிக்கு வெளியே இருக்கிறதா என்று தூரத்தை வைத்துப் பாருங்கள். சென்னை–துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500. கூட்டினால் 8,430. நேராகப் போவதைவிட 200 கி.மீ.தான் அதிகம். கொழும்பு வழியாகப் போனால் 647 கி.மீ. தெற்கே போய் அங்கிருந்து 8,710, மொத்தம் 9,350க்கு மேல். ஆனாலும் நேரத்தைத் தின்பது தூரமில்லை, நடுவில் காத்திருப்பது. இரண்டு பயணத்துக்கும் தனித்தனியாக 40 நிமிடம் சேர்க்கவும் மறந்துவிடாதீர்கள். சமயத்தில் கொழும்பு வழியே இணைப்பு சரியாக அமைந்து, துபாயில் ஆறு மணி நேரம் உட்காருவதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடலாம்.

கடைசியாகச் சரிபார்ப்பது

கணக்கெல்லாம் போட்ட பிறகு, ஃப்ளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போடுங்கள். கடந்த ஏழு நாளில் அது எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் தரையைத் தொட்டது என்று வரிசையாகக் காட்டும். அந்த ஏழு நாளின் சராசரியைவிட நம்பத்தக்க எண் வேறில்லை. தரையில் ஊரும் 25 நிமிடத்தை விட்டுவிட்டு ஒப்பிடுங்கள். உங்கள் கணக்கு அதிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருந்தால் நன்றாகப் போட்டிருக்கிறீர்கள். முக்கால் மணி தள்ளி நின்றால், விமானம் எங்கோ சுற்றிப் போகிறது. அந்தத் தளத்திலேயே வரைந்த கோட்டைத் தொட்டுப் பாருங்கள், எதைச் சுற்றுகிறது என்று தெரியும்.

அழைக்க வருகிறவர்களுக்கு வேறு எண் வேண்டும். தரையைத் தொட்ட நேரத்தோடு, ஊர்ந்து வந்து நிற்க, குடியேற்ற வரிசை, பெட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை கூட்டிச் சொல்லுங்கள். முதல்முறை வரும் பெரியவர்கள் என்றால் ஒரு மணியே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லையாம். போனில் சிங்கப்பூர் நேரம், கையில் கும்பகோணம் நேரம். மருத்துவர் சொல்லி அனுப்பியபடி, முதல் இரண்டு நாள் மாத்திரையைக் கைக்கடிகாரத்தைப் பார்த்தே போட்டுக்கொண்டதாக மகள் போனில் சொன்னாள். நான் கணக்குப் போட்டுக் கொடுத்த தாள் பாஸ்போர்ட் உறைக்குள் மடித்தபடியே இருக்கிறதாம், திரும்பி வரும்போது பார்க்க.